குப்பைமேட்டுச் சம்பந்தம்

ஒரு காட்டில் நகராட்சி வந்துவிட்டது. நகராட்சி வந்தால் குப்பைக் கிடங்கு வராமல் இருக்குமா? அழுகிய பலாச்சுளை, யானை வீட்டு விருந்தில் மிஞ்சியது, குரங்குகள் கடித்துப் போட்டது எல்லாம் தெற்கு மூலையில் குவிந்து நாறின. வாசலில் 'உரமாக்கும் நிலையம்' என்று பலகை மட்டும் பளபளத்தது.

எதிர்ப் புதரில் மரகதம் என்கிற சருகுமான் குடியிருந்தது. அதன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வழியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். கேசரியை ஒருவர்கூடத் தொடவில்லை. மகள் அலங்காரத்தைக் கலைக்கும்போதெல்லாம் மரகதத்துக்குப் பெற்ற வயிறு எரிந்தது.

நகராட்சி ஆணையரான கரடியிடம் போய் அது அழுதது.

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்றது கரடி. பாவம், பதவிக்கு வந்த நாள் முதல் அதற்கு ஜலதோஷம்.

"ஐயா, எம் பொண்ணு கல்யாணம் நிக்குது. நீங்கதான் மனசு வைக்கணும்."

கரடிக்கும் ஒரு மகள் உண்டு. மனம் இளகி, வாசனை நிபுணர் என்று புனுகுப்பூனையை வேலைக்கு வைத்தது.

புனுகுப்பூனை முதலில் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கிடங்கின் தூண்களில் எல்லாம் புனுகைத் தேய்த்தது. கல்யாண வீட்டுக்குள் சாக்கடை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. வௌவால்கள்கூட வீடு மாற்றின. அதற்கே வெட்கமாகப் போய், பிறகு உருப்படியாக ஒரு வேலை பார்த்தது. குவியலைக் கிளறிக் காற்றாட விட்டு, மேலே நன்றாக மக்கிய உரத்தைக் கனமாகப் போர்த்தியது. அந்தப் போர்வை நாற்றத்தை வெளியே விடாமல் தின்றுவிட்டது. ஒரு நகராட்சி சொன்னதைச் செய்ததைப் பார்த்து, கதை சொல்கிற எனக்கே கண் கலங்கிவிட்டது.

உடனே மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உட்காரவும் செய்தார்கள். கேசரியில் கை வைக்கிற நேரம் புதர் விலகியது. செந்நாய் நின்றுகொண்டிருந்தது.

"அட, இங்கதான் இருக்கீங்களா? இத்தனை வருஷமா இந்தப் பக்கம் போய் வரேன், மோப்பமே கிடைக்கலையே!"

எல்லாரும் ஒரே பாய்ச்சலாகக் குப்பைக் குவியலுக்குள் குதித்தார்கள். போர்வை பிய்ந்தது. உள்ளே அடங்கிக் கிடந்த நாற்றம் மொத்தமும் வெளியே வந்தது. செந்நாய் தும்மித் தும்மி, திசை தெரியாமல் ஓடிப்போனது.

கழுத்துவரை குப்பையில் நின்றபடி மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்: "சம்பந்தியம்மா, பொண்ணு பிடிச்சிருக்கு. இடம் அதைவிடப் பிடிச்சிருக்கு. நாங்களும் பக்கத்துப் புதருக்கே வந்துடறோம்."

மறுநாள் இரு வீட்டாரும் ஆணையரிடம் போனார்கள்.

"ஐயா, அந்தப் போர்வையை மறுபடி போட்டுடாதீங்க. பழைய நாத்தமே இருக்கட்டும்" என்றது மரகதம்.

கரடி நெகிழ்ந்துபோனது. ஒன்றுமே செய்யாமல் நிறைவேற்றக்கூடிய ஒரு கோரிக்கை அதன் பதவிக்காலத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

நீதி: நாற்றம் என்று புகார் கொடுக்குமுன், அதனால் யாருக்கெல்லாம் உங்கள் முகவரி தெரியாமல் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளவும்.