சூளையில் காய்ந்த சென்சார்

பீங்கான் கம்பெனியில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எதைப் பார்த்தாலும் அதற்குள் பீங்கான் இருக்கிறதா என்று தேடுவான். இருந்துவிட்டால், அதைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வான். எனக்கு அந்த வியாதி முற்றியதால்தான் என் மாமனார் பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே பாண்டிச்சேரிக்குப் போனார்.

திங்கட்கிழமை அவருக்கு அங்கே கண் ஆபரேஷன். இரண்டு முறை தள்ளிப்போய்க் கிடைத்த தேதி. அவருடைய காரில் நான் அழைத்துப் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பார்த்து டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டியும் இழுக்கவில்லை. ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த, கார் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகினேன். 'நாக் சென்சார் சர்க்யூட்' என்றது. எஞ்சினுக்குள் தட்டல் வந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் சென்சார் அது. உள்ளே பீங்கான் வில்லை ஒன்று இருப்பதாகப் போனில் படித்தேன். (போதாதா?)

"மெக்கானிக்குகிட்ட வுட்டுடலாங்க மாப்ள," என்றார் மாமனார்.

"பீங்கானுக்கு எதுக்கு மாமா மெக்கானிக்கு? நான் பாத்துக்கறேன்."

சர்க்யூட் என்றால் ஒயரும் சேர்த்திதான். அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சென்சாரைக் கழற்றி, கம்பெனியில் செய்யும் பீங்கான் ஃபியூஸ் கேரியரைச் சோதிப்பதுபோல ஸ்பேனரால் தட்டிக் கேட்டேன். நல்ல பீங்கான் கணீரென்னும். இது மொத்தென்றது. (மேலே முழுக்கப் பிளாஸ்டிக், வேறு எப்படிச் சத்தம் வரும்?) ஈரம் ஏறிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போனபோது, சூளையை ஒட்டிய தட்டில், காயும் கேரியர்களுக்கு நடுவே அதையும் வைத்தேன்.

ஷிப்டு முடிந்து போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் உருகி வழிந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தது. பீங்கானுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் வந்த மெக்கானிக் எஞ்சினுக்குள் டார்ச் அடித்தார். இரண்டே நிமிடம்.

"ஒயர எலி கடிச்சிருக்குதுங்க. ஒட்டுப் போட்டாத் தீந்துது. சென்சாரு எங்க?"

கையிலிருந்த கட்டியைக் காட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"புதுசு வர ரெண்டு நாளாவும். அது இல்லாம அவ்ளோ தூரம் போவாதீங்க."

மறுநாள் முகூர்த்த நாள். வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் கல்யாணக் கூட்டம். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் ஆஸ்பத்திரி ஃபைலையும் பிடித்தபடி மாமனார் பண்ருட்டி வரைக்கும் நின்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார்.

"மாப்ள நல்லாத் தெரியிறாரும்மா. அடுத்த கண்ணுக்கு இப்பவே பஸ்ஸுல சீட்டு போட்டுடு."

கார் சாவி இப்போது மனைவியிடம். போன வாரம் எனக்குச் சளி பிடித்து மூக்கடைத்துக்கொண்டது. மாத்திரை கேட்டேன்.

"ஈரம் ஏறியிருக்கும்," என்றாள். "போயி சூளைகிட்ட கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வாங்க."