ஆளில்லா முட்காட்டில் என் வலது கால்

ஓர் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று நிரூபிக்கப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியது, கையிலிருக்கும் போனை அணைத்துவிடுவது. இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் மஸ்கட்டிலிருந்து மல்லாங்கிணறு வரை என் அலறலைக் கேட்டுவிட்டார்கள்.

நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவன். படித்தது விருதுநகரில், பாதிரியார்கள் நடத்தும் ஆண்கள் பள்ளியில். பள்ளியின் வரலாற்றைக் கருங்கல்லில் செதுக்கி அரங்கத்தில் பதிப்பது என்று பழைய மாணவர் சங்கம் முடிவு செய்தது. வாசகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது (அச்சகம் வைத்திருப்பவனுக்கு எழுதவும் தெரியும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை). 'ஆளில்லா முட்காட்டை அறிவுச்சோலையாக்கிய அருட்தந்தையர்' என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன.

பிறகு மாரிச்சாமி வந்தான். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஆமத்தூர்க்காரன். அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து அவனை வக்கீலாக்கியிருந்தார்கள். குரலைப் பதிவு செய்து அனுப்பினான்.

"ஏலே, ஆளில்லாத காடுன்னு ஒனக்கு யாரு சொன்னது? எங்க ஆளுகளப் பொதைச்ச எடம்லே அது. பள்ளிக்கூடத்துக்குக் கல்லு சொமந்து செத்தவுகளும் அங்கனதான் கெடக்காக. எம் பூட்டி மேல நின்னுதாம்லே நீ பேச்சுப் போட்டியில பேசுன."

(நான் எங்கே பேசினேன்? வணக்கம் சொன்னதோடு எல்லாம் மறந்துபோய் இறங்கிவிட்டேன்.)

குழு இரண்டாகப் பிளந்தது. சாமியார்களின் உழைப்பைக் கொச்சைப்படுத்தாதே என்று ஒரு பக்கம். எங்கள் பூட்டன் எல்லாம் ஆள் கணக்கில் வர மாட்டானா என்று இன்னொரு பக்கம். சிலர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகினார்கள். சண்டை என்ன ஆயிற்று என்று பார்க்க மறுநாளே திரும்பி வந்தார்கள். தலைமையாசிரியர் ஃபாதர் ஒரு செபம் அனுப்பிப் பார்த்தார். அதற்கும் இரண்டு பக்கமும் ஆமென் போட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள்.

நான் வீரனானேன். "அரங்கத்து மேடையில நின்னு வீடியோ கால் போடுதேன். அங்கன யாரு இருக்காகன்னு எல்லாரும் பாத்துக்கோங்க" என்று அறிவித்தேன்.

கோடை விடுமுறை. நண்பகல். அரங்கத்துச் சாவியை ஃபாதர் அரைமனதாகத் தந்தார். மைதானத்தில் ஈ காக்கை இல்லை. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே போய் மேடையில் ஏறினால் மார்கழிக் குளிர். கூடவே ஈர மண் வாசனை. விருதுநகரில், சித்திரையில், ஈர மண்!

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். திரையில் அத்தனை முகங்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் கௌரவம் விடவில்லை. போனைத் திருப்பி என்னைத் தலை முதல் கால் வரை காட்டினேன்.

"பாத்தீகளா? இங்கன நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

அரங்கத்தின் கோடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

என் பிரமை என்று நினைத்திருப்பேன். ஆனால் மஸ்கட்டில் இருக்கும் நண்பன், "பொறத்தால யாருலே?" என்றான். நான் பின்வாங்கினேன். பலகை முறிந்தது. வலது கால் தொடை வரை மேடைக்குள் போய்விட்டது.

வலிப்பதற்குக்கூட நேரமில்லை. கீழே இருட்டுக்குள் ஒரு கை என் குதிகாலைப் பிடித்தது. இழுக்கவில்லை, அழுத்தவில்லை. விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்குக் கழற்றிவிடுவதுபோல, நிதானமாக என் செருப்பைக் கழற்றியது.

"ஐயா! ஆத்தா! பூட்டி! யாரா இருந்தாலும் மன்னிச்சிருங்க! எடம் உங்களுதுதான்! எழுதித் தந்துருதேன்! பத்திரச் செலவும் என்னோடது!"

முதலில் ஓடி வந்தவன் மாரிச்சாமி. இப்போது அவனுக்குப் பள்ளிக்குப் பின்தெருவில்தான் வீடு. போனில் பார்த்ததும் கட்டின லுங்கியோடு பைக்கை எடுத்திருக்கிறான். அவனும் ஃபாதருமாக என்னைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். கேலி செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவன் அப்படியே மண்டியிட்டான். கீழே கரிசல் மண்ணில், புதைத்த இடங்களுக்கு அடையாளமாகக் குத்துக்கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. நாலு பக்கமும் கற்சுவர். ஓர் எலி நுழையக்கூட வழியில்லை.

"என் செருப்பு?" என்றேன்.

உள்ளே இல்லை. மாரிச்சாமி கையை நீட்டிக் காட்டினான். மேடைப் படிக்குக் கீழே, வாசலைப் பார்த்தபடி, கோயிலுக்கு வெளியே விட்டதுபோல ஒழுங்காக இருந்தது. நானே அங்கே கழற்றிவிட்டு ஏறியிருப்பேன் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. மஸ்கட்காரன் பதிவு செய்த வீடியோவில் என் இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறது.

ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார். "அத நீங்களே போய் எடுத்துக்கிடுங்க" என்றார். 

அதோடு குழுவில் சண்டை முடிந்தது. 'இங்கே முன்பே உறங்குகிறவர்களின் மேல், அவர்கள் பிள்ளைகள் சுமந்த கல்லால் எழுந்தது இப்பள்ளி' என்று மாரிச்சாமி எழுதினான். அருட்தந்தையர் அடுத்த வரிக்குப் போனார்கள். நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. மேடையை எடுத்துவிட்டார்கள். கல்லறைத் திருநாளன்று ஃபாதர் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார். பக்கத்திலேயே ஆமத்தூர்ப் பெண்கள் அகல் ஏற்றுகிறார்கள். நானும் போகிறேன். வாசலோடு நின்றுகொள்கிறேன்.

வீட்டில்தான் மரியாதை போய்விட்டது. விருந்தாளி யார் வந்தாலும் காபி டம்ளரை வைக்கும்போதே என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்:

"மத்தவுகள்லாம் சரித்திரத்துல கால் பதிப்பாக. எங்க வீட்டுக்காரக காலையே உள்ள விட்டுட்டாக."