இரத்தை நேரில் உறுதிப்படுத்தல்

வீடு கட்டிய ஒருவர் அதில் சட்டப்படி குடியிருக்க வேண்டுமானால், வரைபடத்தில் உள்ளபடியேதான் வீடு கட்டப்பட்டிருக்கிறது என்று பிரதேச சபை ஓர் இணக்கச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சான்றிதழ் கொடுக்க வேண்டுமானால் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். அவர் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டும். நிர்வாகம் முழுவதும் இந்தக் கடைசிப் படியில்தான் வழுக்கி விழுந்துகொண்டிருந்தது.

கண்டிக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சபையின் பெயர் வேண்டாம். சொன்னால் மற்றச் சபைகள் தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும். அதன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தியாகராஜா. ஊரார் வாயில் டீ.ஓ. சேர். அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் அக்குறணையிலிருந்து வத்தேகம வரை ஏறி இறங்குவதே அவருக்கு உத்தியோகம். வீடுகளைப் பார்ப்பது என்று நியமனக் கடிதம் சொன்னது. அவர் பார்த்ததெல்லாம் கேட்டுகளைத்தான்.

அந்தப் பக்கத்து மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். வராதீர்கள் என்று ஓர் உத்தியோகத்தரிடம் சொல்லவே மாட்டார்கள். "கட்டாயம் வாங்க" என்பார்கள். அவர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹெல்மட்டைக் கழற்றிய பிறகுதான் "நாளைக்கு வாங்களேன்" என்பார்கள். அதிலும் கெட்ட எண்ணம் கிடையாது. உத்தியோகத்தர் வருகிறார் என்றால் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், திரைச்சீலை மாற்ற வேண்டும், பட்டீஸ் வாங்கி வைக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல ஆயத்தம் நடக்கும். ஆயத்தம் முடிவதற்குள் நாள் வந்துவிடும். நாள் வந்துவிட்டால் இரத்து.

இந்த நிலைமையைச் சீர்செய்யச் சபை காலத்துக்கேற்ற ஒரு காரியம் செய்தது. பரிசோதனைக்கு நாள் குறிக்கக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதில் குறித்த நாளை உறுதி செய்ய வேண்டுமானால் ஓர் இரகசிய இலக்கம் வரும் என்று காத்திருக்க வேண்டும், அது வராது. இரத்துச் செய்ய வேண்டுமானால் பெரிய சிவப்புப் பொத்தானை ஒருமுறை தொட்டால் போதும். உடனே ஒரு தாமரைப்பூ விரியும். "உங்கள் இரத்து வெற்றிகரமாக நிறைவேறியது. வாழ்த்துகள்" என்று வரும். சபையிடமிருந்து வாழ்நாளில் ஒரு வாழ்த்தும் பெறாத மக்கள் அந்தப் பூவைப் பார்க்கவே இரத்துச் செய்தார்கள்.

சபையின் செயலாளர் யசோதினி அம்மையார் யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்தையும் அமைதியாகவே சொல்லுவார். ஒருநாள் தியாகராஜாவைக் கூப்பிட்டார்.

"போன மாசம் எத்தினை வீடு பார்த்தனீங்கள்?"

"எத்தனை வீட்டுக்குப் போனேன்னு கேட்டீங்கன்னா நல்லா சொல்லுவேன் மேடம்."

"பார்த்தது?"

"ஒன்னு. அதுவும் அடுத்த வீட்டுக்குத்தான் போனேன். ஆள் மாறி இவங்க கதவத் திறந்துட்டாங்க."

"வருச முடிவுக்குள்ள களப்பணி கூடாட்டி உங்களுக்கு இடமாற்றம் வரும். மன்னார்ப் பக்கம். நல்ல இடம், நல்ல சனம். வெயில்தான் கொஞ்சம்."

தியாகராஜா மன்னாருக்குப் போக விரும்பவில்லை. வெயிலுக்காக அல்ல. போன வருஷம்தான் வத்தேகமவில் சொந்தமாக வீடு கட்டிக் குடிபோயிருந்தார். அவரும் மனைவி பரிமளமும் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அதைப் பூட்டிப் போட்டுவிட்டு எங்கே போவது?

"மேடம், இப்பத்தான் வீட்டுக்குக் குடிபோனோம்."

"உங்கட வீட்டுக்குச் சான்றிதழ் எடுத்திட்டீங்களோ?"

தியாகராஜா கூரையைப் பார்த்தார். "என் வீட்ட நானே பார்க்க முடியாதே மேடம். பக்கத்துச் சபை ஜனகன்தான் வரணும். நாள் எடுத்தோம். வீட்டுல கொஞ்சம் வசதிப்படல."

அம்மையார் அடுத்த கடிதத்தை எடுத்தார்.

அதே மாதம் மேலிடத்தார் கண்டியில் ஒரு ஹோட்டலில் கூடி, பரிசோதனைகள் ஏன் நடப்பதில்லை என்று பகல் முழுவதும் ஆராய்ந்தார்கள். புரியாணி நன்றாக இருந்தது. அந்த ஹோட்டலுக்கு இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவருக்கு உண்மை புலப்பட்டது: இத்தனை இரத்துகள் நடந்திருக்கின்றன, ஆனால் ஓர் இரத்தையாவது எவரும் சரிபார்க்கவில்லை. அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. "இரத்துச் செய்யப்படும் ஒவ்வொரு பரிசோதனையும் மெய்யாகவே இரத்துச் செய்யப்பட்டுள்ளதா என்பதை, அப்பிரதேசத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நேரில் சென்று உறுதிப்படுத்துதல் வேண்டும். அவ்வாறு உறுதிப்படுத்தப்படும் இரத்து, பூர்த்தி செய்யப்பட்ட களப்பணியாகக் கொள்ளப்படும்."

தியாகராஜா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு அக்குறணைக்குப் போனார்.

அக்குறணையில் ஹபீல் என்று ஒரு துணிக்கடைக்காரர். கடைக்குப் பின்னால் மலைச்சரிவில் பெரிய வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டின் கேட்டைத் தியாகராஜாவுக்கு நன்றாகத் தெரியும். கேட்டுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். அன்று அது விரியத் திறந்து கிடந்தது.

"வாங்க சேர், உள்ளுக்கு வாங்க," என்றார் ஹபீல். "ரத்துப் பார்க்கத்தானே வந்தீங்க? பரிசோதன இல்லயே?"

"இல்ல, ரத்து மட்டுந்தான்."

"அப்ப பயமில்ல. றலியா, சேருக்கு டீ போடுங்க. ரத்துக்கு வந்தீக்கிறாங்க."

கதிரையில் உட்கார்ந்த தியாகராஜா சுற்றிப் பார்த்தார். சுவரின் நடுவில், இருக்கக் கூடாத இடத்தில் ஓர் அலுமாரி நின்றது.

"அலுமாரிய ஏன் இங்க வச்சிருக்கீங்க?"

"அதுக்குப் பொறகால வெடிப்பு ஒண்டு ஈக்கிது சேர்," என்றார் ஹபீல் ஒளிவுமறைவில்லாமல். "வெடிப்பு இப்ப பெரிசாகிட்டு, அலுமாரி பத்தல்ல. பெரிய அலுமாரி ஒண்டு செய்யக் குடுத்தீக்கி. அது வந்தொடன பரிசோதன வைப்பம்."

தியாகராஜாவின் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போய் அளவு நாடாவை எடுத்தது.

"டேப்ப வைங்க சேர். இன்டைக்கு ரத்துத்தானே."

உண்மைதான். இரத்தான நாளில் அளப்பது சுற்றறிக்கைக்கு முரண். நாடாவை உள்ளே வைத்தார். ஆனால் கண்ணை எங்கே வைப்பது? டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "மேல மழைத்தண்ணி போற கான் அடைச்சிருக்கு, தண்ணி சுவருக்குள்ள இறங்குது. கான வெட்டி விடுங்க. இல்லாட்டி எந்த அலுமாரியும் பத்தாது."

"நாளைக்கே ஆள் போடுறேன் சேர். இத முந்தியே சொல்லீக்கலாமே?"

"முந்தி நீங்க கதவத் திறக்கலயே."

இரத்துக்குக் காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டார். உள்ளேயிருந்து ஹபீலின் மனைவி றலியா பதில் சொன்னாள்: "தளபாடம் வந்து சேரல்ல எண்டு போடுங்க சேர்." அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. தியாகராஜா அப்படியே எழுதினார்.

திரும்பி வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் அவர் வழக்கத்துக்கு மாறாக முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். உத்தியோகம் எடுத்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வீட்டை உள்ளபடி பார்த்திருக்கிறார். ஹபீலும் சொன்ன சொல் தவறாமல் கானை வெட்டிவிட்டார். பரிசோதனை நடந்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

செய்தி பரவியது. இரத்துப் பார்க்க வருகிற சேர் தங்கமான மனிதர், குற்றம் எழுத மாட்டார், யோசனை மட்டும் சொல்லுவார் என்று வட்ஸ்அப் குழுக்களில் பேசிக்கொண்டார்கள். மக்கள் இரத்துச் செய்வதற்கென்றே நாள் எடுத்தார்கள். "ரத்துக்கு நாள் கிடைச்சிச்சா?" என்பது கடைத்தெருவில் சுகம் விசாரிப்பதுபோல ஆயிற்று. வீடே கட்டாத ஒருவரும் நாள் எடுத்து இரத்துச் செய்துவிட்டு, வெறுங்காணியில் கதிரை போட்டுக் காத்திருந்தார்.

மடுல்கெல்லயில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. அங்கே ஒருவர், பனிமூட்டத்தில் சேருக்கு வீடு தெரியாது என்ற அக்கறையில், இரத்தை உறுதிப்படுத்தும் வருகையையும் இரத்துச் செய்துவிட்டார். இரத்து இரத்தானால் பரிசோதனை உயிரோடு இருக்கிறது என்றுதானே பொருள்? தியாகராஜா ஆசையோடு நாடாவை நீட்டிக்கொண்டு மலையேறினார். மனிதர் அவரைக் கண்டதும் பதறிப்போய், கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சிவப்புப் பொத்தானைத் தொட்டார். பனிக்குள்ளே தாமரை விரிந்தது. பிறகு இருவரும் டீ குடித்தார்கள்.

வருஷ முடிவில் களப்பணியில் அந்தச் சபையை மிஞ்ச ஆளில்லை. யசோதினி அம்மையார் தியாகராஜாவைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு விருது வருது. இடமாற்றக் கதையும் போச்சு. ஒண்டு மட்டும் பாக்கி. விருது வாங்கிற உத்தியோகத்தரின்ர வீடு இணக்கமில்லாமக் கிடந்தா மேலிடம் என்ன சொல்லும்? பரிசோதனை நடந்ததெண்டோ நடவடிக்கையில இருக்கெண்டோ ஒரு பதிவு வேணும். இல்லாட்டித் திரும்ப மன்னார்தான். நாளைக்குக் காலமை ஜனகன் வாறார்."

ஜனகன் கண்டிப்பான ஆள். தன் மாமனார் வீட்டையே நாடா போட்டு அளந்து, சான்றிதழ் தர முடியாது என்று எழுதிவிட்டு, அதே வீட்டில் இரவுச் சாப்பாடும் சாப்பிட்டவர்.

மறுநாள் காலை பரிமளம் மேசைக்குப் புது விரிப்புப் போட்டு, பட்டீஸை அடுக்கி வைத்தாள். தியாகராஜா ஹோலின் நடுவில் நின்று வீட்டைப் பார்த்தார். இத்தனை நாளும் வீட்டுக்காரராகப் பார்த்தது போதாதென்று இன்று டீ.ஓ.வாகப் பார்த்தார். டீ.ஓ.வுக்கு வீடு பிடிக்கவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. படி போய்ச் சேரும் இடத்தில் ஓர் அறை இருந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் கூரைதான் இருந்தது.

"அந்த மாடி ரூமு வரைபடத்துல இல்லயே பரிமளம்."

"கட்டுறப்ப நீங்கதான பக்கத்துல நின்னீங்க?"

"நின்னேன். வீட்டுக்காரனா நின்னேன்."

"அப்ப ரத்து பண்ணிடுங்க."

"மத்தவங்க ரத்து பண்றப்ப நான் என்னெல்லாம் பேசியிருக்கேன்."

"வீட்டுல வந்து எங்கிட்டதான் பேசினீங்க. அவங்களுக்கு ஒன்னும் கேக்கல."

தொலைபேசி அடித்தது. "சேர், ஜனகன் பேசுறேன். உங்க கேட்டு முன்னுக்குத்தான் நிக்கிறேன்." ஜன்னல் வழியே பார்த்தார். ஜனகன் வண்டியை நிறுத்தி ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்திருந்தார். தியாகராஜாவுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடேயே பொத்தானைத் தொட்டார்.

"தம்பி, நாளைக்கு வாங்களேன்," என்றார்.

மறுமுனையில் ஹெல்மட் மாட்டுகிற சத்தம் கேட்டது. தியாகராஜா வெட்கத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

தாமரை விரிந்து, வாழ்த்துச் சொல்லி முடிந்ததும், தொலைபேசியில் இன்னோர் அறிவித்தல் வந்தது. வத்தேகமவில் ஒரு வீட்டின் இரத்தை நேரில் உறுதிப்படுத்த வேண்டும். பொறுப்பான உத்தியோகத்தர்: தியாகராஜா. விலாசத்தை வாசித்தார். வேறு யாருடையதுமல்ல. செயலாளரை அழைத்தார்.

"மேடம், என் வீட்டு ரத்த நானே உறுதிப்படுத்தலாமா?"

"உங்கட வீட்டை நீங்கள் பரிசோதிக்கப்படாது எண்டு சட்டம் கிடக்கு. உங்கட ரத்தை உறுதிப்படுத்தப்படாது எண்டு எங்கேயும் இல்லை. சுற்றறிக்கையில என்ன போட்டிருக்கு?"

"நேரில் சென்றுன்னு இருக்கு."

"அப்ப நேரில போங்கோ."

"நான் வீட்டுலதான் இருக்கேன் மேடம்."

"இருந்துகொண்டு எப்பிடிப் போறது? வெளியில போயிட்டு வாங்கோ." அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "அதை முடிச்சிட்டு எங்கட வீட்டுப் பக்கமும் ஒருக்கா வாங்கோ. நானும் இண்டைக்குக் காலமைதான் ரத்துச் செய்தனான்."

தியாகராஜா அலுவலகச் சட்டையைப் போட்டு, ஹெல்மட்டை மாட்டி, சந்தி வரை வண்டியில் போய்த் திரும்பி வந்தார். தன் வீட்டு வாசலில் நின்று மணியை அடித்தார். கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

பரிமளம் கதவைத் திறந்தாள். அவரையும் ஹெல்மட்டையும் பார்த்தாள். டீ.ஓ. ஒருவரின் மனைவியாகக் காலம் தள்ளியவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வாங்க சேர், உக்காருங்க."

ஜனகனுக்கு வாங்கிய பட்டீஸ் வந்தது. அலுமாரிக்குள் இருந்த நல்ல கோப்பையில் டீ வந்தது. அந்தக் கோப்பையில் அவர் வீட்டில் அவருக்கு அதுவரை டீ கிடைத்ததில்லை.

"வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சேர். எங்கயோ ரத்துப் பார்க்கப் போயிருக்காரு."

வீட்டுக்காரர் இல்லாமையால் இரத்து என்று எழுதிக்கொண்டார். நடவடிக்கையில் இருப்பதாக அம்மையார் கேட்ட பதிவும் அதோடு ஆயிற்று. டீயை முடித்து எழுந்தபோது கண் மறுபடி மாடிப்படிக்குப் போனது. எத்தனையோ வீடுகளில் சொன்ன பழக்கம், வாய் நிற்கவில்லை.

"அம்மா, அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போடச் சொல்லுங்க. ஒருநாளைக்கு விழுந்துடப் போறீங்க."

"நானும் கட்டின நாள்லேருந்து சொல்றேன் சேர், அவரு காதுல ஏறல," என்றாள் பரிமளம், கோப்பையை வாங்கிக்கொண்டே. "நாளைக்கு வாங்களேன். அவரு இருக்கிறப்போ நீங்களே சொல்லுங்க."