ஸ்டாண்டு அண்ணன்

சாலையில் இரண்டு சக்கரத்தில் திரியும் ஜீவராசிகளில் ஓர் அபூர்வ இனம் உண்டு. அபூர்வம் என்றேனே தவிர, முக்குக்கு ஒருவர் இருக்கிறார். நீங்கள் பாட்டுக்கு வீட்டுக் கவலை, வேலைக் கவலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டியில் போவீர்கள். திடீரென்று பக்கவாட்டில் ஒரு ஹெல்மெட் முளைக்கும், ஒரு கை உங்கள் காலைச் சுட்டும், "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று ஒரு குரல் அலறும். பதறிப்போய் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, நன்றி சொல்ல நீங்கள் நிமிர்வதற்குள் ஆள் மாயம். அடுத்த ஸ்டாண்டைத் தேடிப் போயிருப்பார்.

நம்மவர் இந்த இனத்தில் முதல் தரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது தொழில். ஊரார் ஸ்டாண்டை மடக்க வைப்பது பிறவிப் பயன். தெருவில் அவருக்கு ஸ்டாண்டு அண்ணன் என்றே பெயர். ஸ்டாண்டு மட்டுமா? திரும்பி முடித்த பிறகும் கண்சிமிட்டும் இண்டிகேட்டர், சக்கரத்தை உரசப் பார்க்கும் பையின் வார், பட்டப்பகலில் எரியும் முன்விளக்கு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இப்போது வரும் வண்டிகளில் முன்விளக்கை அணைக்கவே முடியாது என்று மெக்கானிக் சொன்ன அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

யாராவது பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் போதும். "ஏறி உக்காருங்க தம்பி" என்பார். தன் இடது காலை அந்த வண்டியின் மிதிகட்டையில் ஊன்றி, உந்திக்கொண்டே போய் பங்க்கில் சேர்ப்பார். பெயர் கேட்கமாட்டார். "இன்னிக்கு அவருக்கு நாம நின்னா, நாளைக்கு நமக்கு ஒருத்தர் நிப்பாங்க" என்பதுதான் அவருடைய வேதம். இந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

அவர் மனைவியின் கருத்து வேறு. "ஊருல இருக்கிற ஸ்டாண்டெல்லாம் தெரியுது. அடுப்புல பால் பொங்குறது மட்டும் தெரியல."

இந்த அம்மாள் பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டவர். பல வருடம் கழித்து, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து மணிக்கு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்றும் கறாராகச் சொல்லியிருந்தார்கள். நான்கு நாளாகப் பழைய பாடப் புத்தகங்களைப் புரட்டியவர், கிளம்பும்போது கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் யாருக்காகவும் நிக்காதீங்க."

"சத்தியமா நிக்கமாட்டேன்."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். வினையே அதில்தான்.

வழியில் பெட்ரோல் போட நின்றார்கள். அம்மாள் இறங்கி, எல்லோரும் செய்வதுபோல் சற்றுத் தள்ளிப் போய் நின்றார். பெட்ரோல் போட்டு முடித்து, நம்மவர் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது, முன்னால் நின்ற வண்டி புறப்பட்டது. ஸ்டாண்டு தொங்கிக்கொண்டிருந்தது!

அவ்வளவுதான். உதைத்தார், முறுக்கினார், பறந்தார். இரண்டு திருப்பம் தாண்டித்தான் அந்த ஆளைப் பிடிக்க முடிந்தது. "ஸ்டாண்டு!" அந்த ஆள் மடக்கிவிட்டுக் கையை உயர்த்தினார். நம்மவருக்கு உச்சி குளிர்ந்தது.

"பாத்தியா? வாக்குக் குடுத்தபடி நிக்காமலே சொல்லிட்டேன்" என்றார் பின்பக்கம் பார்த்து.

பதில் இல்லை. மனைவியின் மௌனம் அவருக்குப் புதிதல்ல. பாரம் குறைந்தது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிந்தது. பெட்ரோல் நல்ல பெட்ரோல், வண்டி பஞ்சாய்ப் பறக்கிறது என்று பூரித்துப்போனார். சிக்னலில் ஒருவர் அவர் பின்சீட்டைச் சுட்டிக்காட்டி என்னவோ கத்தினார். நம்மவர் கட்டைவிரலை உயர்த்திப் பதில் மரியாதை செய்தார். பின்னால் ஒரு ஸ்கூட்டர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"எல்லாருக்கும் அவசரம்" என்று காலி சீட்டிடம் சொல்லிவிட்டு, வேகத்தைக் கூட்டினார்.

பரிசோதனை நிலையத்தின் வாசலில் நிறுத்தி, "இறங்கு, இன்னும் நேரமிருக்கு" என்று திரும்பினார். சீட்டு வெறுமையாக இருந்தது. வண்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். எங்கே விழுந்தாளோ என்று பதறி வண்டியைத் திருப்பும்போது, அந்த ஹாரன் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் முன்பின் தெரியாத ஒரு பெண். பின்னாலிருந்து அம்மாள் குதித்தார்.

"எவ்வளவு தூரமா துரத்துறேன் அண்ணா! பங்க்ல அக்கா திருதிருன்னு முழிச்சுட்டு நின்னாங்க. ஏறுங்கக்கான்னு கூட்டிட்டு வந்தேன்" என்றாள் அந்தப் பெண், மூச்சிரைக்க.

அம்மாள் அவள் கையை இறுகப் பிடித்து நன்றி சொன்னார். உள்ளே ஓடுமுன் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"யாருக்காகவும் நிக்காதீங்கன்னுதான் சொன்னேன். எனக்குக்கூடவா?"

நம்மவருக்குக் கண் கலங்கியது. தெய்வமே நேரில் வந்ததுபோல் அந்தப் பெண்ணைக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள், பார்வை இறங்கிவிட்டது.

"ஏம்மா, உங்க இண்டிகேட்டர் எரிஞ்சுக்கிட்டே இருக்கு!"

வேலை கிடைத்துவிட்டது. அம்மாள் இப்போது பஸ்ஸில் போகிறார்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று: அந்தப் பெண் இண்டிகேட்டரை அணைத்தாளா இல்லையா என்று நான் சொல்லவே இல்லை. அது உங்கள் மனதை அரிக்கிறதா? அப்படியானால், அடுத்த முறை வண்டியை எடுக்குமுன் தயவுசெய்து பின்சீட்டை ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.