சந்தனம் பூசிய இயங்குதளம்

கணினிக்கு எந்த இயங்குதளம் நல்லது என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. ஒருமுறை திறந்ததன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், ஜெர்மனியிலிருந்த அண்ணை, யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் புளியங்கூடலில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு கணினியும் இரண்டு டிஸ்க்குகளும் அனுப்பினார். எந்த டிஸ்க்கைச் செருகுகிறோமோ அந்த இயங்குதளம் வரும். ஒன்றில் கறுப்புத் திரை. கட்டளைகளைத் தட்டெழுத வேண்டும். மற்றதில் படங்கள்; மவுஸை அசைத்தால் போதும். கடிதம் எழுதலாம், படம் கீறலாம் என்று அக்காவுக்கு அதுதான் விருப்பம்.

"அது விளையாட்டுச் சாமான். புரோகிராம் எழுதிறவனுக்குக் கறுப்புத்தான்," என்றேன். (யாழ்ப்பாணத்தில் இரண்டு மாதம் கணினி படித்திருந்தேன். ஊரில் அதுவே பட்டம்.)

அங்கே படிப்பித்த மாஸ்டருக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். விஜயதசமிக்கு எங்கள் பக்கம் உறவினர் வீட்டுக்கு வரும்போது என் புரோகிராமைப் பார்ப்பதாகச் சொன்னார். அந்த வேலை கிடைக்காவிட்டால் ஐயாவோடு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான்.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு என் புரோகிராம் இருந்த கறுப்புத் திரை டிஸ்க்கையும் வைத்தேன். அக்காவும் தன்னுடையதை நீட்டினாள்.

"அது கல்வியிலை சேராது. அலுமாரியிலை வையுங்கோ," என்றேன்.

அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். அந்தக் கால டிஸ்க்கின் உறையில், உள்ளே இருக்கும் தகடு தெரிய ஒரு திறப்பு இருக்கும். பொட்டுக்கென்றே விட்ட இடம் என்று அம்மா நினைத்ததில் பிழையில்லை. பூசைக்கு வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது, நானும் தொடவில்லை.

அன்று காலை மாஸ்டர் வந்து கதிரையில் இருந்தார். டிஸ்க்கை எடுத்தபோதுதான் காய்ந்த சந்தனத்தைக் கண்டேன். இடுப்பில் கட்டியிருந்த சாறத்தால் ஒரு துடை துடைத்துச் செருகினேன். கணினி பயறு திரிப்பதுபோல் கரகரத்தது. திரை கறுப்புத்தான், ஆனால் ஓர் எழுத்தும் இல்லை.

"இன்னொரு பிரதி இருக்கோ, தம்பி?"

"இல்லை, மாஸ்டர்." (பிரதி எடுப்பது பயந்தவர்களின் வேலை என்று நினைத்திருந்தேன்.)

அக்கா ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால், டிஸ்க் செருகும் கணினியின் வாயைத் துடைத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள். அவளுடைய டிஸ்க்கில் படங்கள் வந்தன. ஒரு கடிதம் எழுதினாள், குறிகட்டுவான் துறைமுகப் படகு ஒன்றைக் கீறினாள்.

"ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை, மாஸ்டர். தம்பி இல்லாத நேரம் பாத்துப் பழகினனான்."

"திங்கக்கிழமை வாரும், பிள்ளை."

வேலை போனதைவிட, 'தம்பி இல்லாத நேரம்' என்ற சொற்கள்தான் சுட்டன. நான் இயங்குதளத்தையா தெரிவு செய்தேன்? அக்கா எதைத் தொடலாம் என்றல்லவா தீர்மானித்திருக்கிறேன்.

அக்கா இப்போது கனடாவில் கணினி படிப்பிக்கிறாள். வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வாங்கினாலும் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். போன மாதம் இடியப்பம் பிழியும் மெஷின்.

"தம்பி, இது கல்வியிலை சேருமோ?"

"சேரும், அக்கா."