வாயில்லாத பிள்ளை

பலா மரத்துக்கு முன்னால் கைகட்டி நின்ற குழந்தைசாமிக்கு அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

"எசமானுங்களே, நாங்க வாழவந்தி நாட்டுக் குடியானவங்க..." என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மரம் பொறுமையாகக் கேட்டது.

மறுநாள் காட்டிலாகா ரேஞ்சர் மலைமேல் இருக்கும் அந்த ஊருக்கு வருகிறார். புதிதாக மாற்றலாகி வந்தவர். ஊரில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. வந்ததுமே சரிவுகளில் மாடு மேயக்கூடாதென்று தடை போட்டுவிட்டார். மாடுகளுக்கு விலா தெரிந்தது. சிலர் கூரைப் புல்லையே உருவிப் போட ஆரம்பித்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் அருணாசலம் பேசப் போனால் கைகலப்பில் முடியும் என்பது அவருக்கே தெரியும். ஆகவே, சேந்தமங்கலத்தில் ஐந்தாவது வரை படித்த குழந்தைசாமி பேசட்டும் என்று முடிவாயிற்று.

"அவனா?" என்றாள் அவன் தாய் பொன்னம்மாள். "பாவம், அவனுக்கு வாயே இல்லீங்களே."

பாசத்தோடுதான் சொன்னாள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, யாராவது அவனிடம் பேர் கேட்டால் அவளே பதில் சொல்லிவிட்டு இதையும் சேர்த்துச் சொல்வாள். கேட்டுக் கேட்டு, அவனும் அதை நம்பிவிட்டான். இப்போது மீசை முளைத்த பிறகும், நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மாமன் மகள் அம்சவேணி மட்டும் இதை ஒப்புக்கொண்டதில்லை. "பலா மரத்துகிட்டப் பேசிப் பழகுங்க மாமா," என்றாள். "அது குறுக்க பேசாது."

மரம் பேசவில்லை. விறகுக் கட்டோடு அந்தப் பக்கமாக வந்த சுப்பம்மாள் பேசினாள்.

"யாருகிட்டப்பா பேசறே?"

ஒத்திகை பார்க்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "யாருகிட்டயும் இல்லீங்க," என்றான்.

சுப்பம்மாள் மரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். விறகைப் போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினாள்.

சற்று நேரத்தில் மரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூசாரி கருப்பண்ணன் உடுக்கையும் வேப்பிலையுமாக வந்தார்.

"வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டார்.

குழந்தைசாமி பேசாமல் நின்றான். பேசினால்தானே வம்பு என்று நினைத்தான்.

"சாமி மௌனமா இருக்குது," என்றார் பூசாரி கூட்டத்திடம். "கோவமா இருக்குதுன்னு அர்த்தம்." உடுக்கையை இன்னும் வேகமாக அடித்தார். வேப்பிலை குழந்தைசாமியின் மூக்கில் பட்டது. அவன் பொறுத்துப் பார்த்தான்.

"நிறுத்துங்க," என்று கத்தினான். "எனக்கு ஒண்ணுமில்லை. போயி அவங்கவங்க சோலியப் பாருங்க."

ஊர்க்கோடியில் கட்டியிருந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. பொன்னம்மாள் கை கூப்பினாள்.

"எம் பையனுக்கு இம்புட்டுச் சத்தம் வராதுங்க. இது சாமியேதான்."

நேற்றுவரை கொஞ்சலாகச் 'சாமி' என்று கூப்பிட்டவள், இப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி," என்றாள்.

அதற்குப் பிறகு கேள்விகள் வந்து விழுந்தன. இருசாயிக்குக் காணாமல் போன ஆடு எங்கே என்று தெரிய வேண்டும். "உங்க வேலியில ஓட்டை இருக்குது. பக்கத்துத் தோட்டத்துல போயிப் பாருங்க," என்றான். ஆடு அங்கேதான் இருந்தது. கூட்டம் இன்னும் நெருங்கியது.

செங்கோடன் தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். "வர்ற மாப்பிள்ளைங்களை எல்லாம் நீங்க கொறை சொல்றதை நிறுத்தினா ஆகும்."

"நெசந்தான்," என்றாள் செங்கோடன் மனைவி.

கூட்டத்தின் ஓரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். மலைக்கு ரோடு வராத காலம் அது. அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியவர் போல, செருப்பைக் கையில் பிடித்தபடி கால் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மிளகு வாங்க வந்தவராயிருக்கும் என்று அவருக்கும் வழி விட்டார்கள்.

"மாடு புகுந்தா காட்டுல கன்னுச் செடியெல்லாம் போயிடுதே," என்றார் அவர். "அதுக்கு என்ன சொல்றீங்க?"

"கன்னு மொளைச்சிருக்கறது கெழக்குச் சரிவுலங்க," என்றான் குழந்தைசாமி, மூச்சு விடாமல். "அதை மூடி வைக்கட்டும், நாங்களே காவல் இருக்கோம். மேக்குச் சரிவுல முத்துன மரமும் புல்லும் மட்டுந்தான். மாடு மேயாம வுட்டா அந்தப் புல்லு சித்திரையில காஞ்சு தீப்புடிக்கும். தீ வந்தா கன்னும் போகும், காடும் போகும். மாட்டை வெரட்டறவங்க தீயை எப்புடி வெரட்டுவாங்க?"

அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார். அடுத்து வேலப்பன் தன் பல்வலியோடு முன்னால் வந்தார்.

பொழுது சாயும்போது கூட்டம் கலைந்தது. அம்சவேணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்சவேணி, பேசினது நான்தானே?"

"பின்ன யாரு?"

"தெரியலே. எனக்குத்தான் வாய் இல்லையே," என்றான். உண்மையாகவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலையில் காக்கிக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் வந்து சேர்ந்தார். கோட்டு சற்றுப் பெரியது; பார்வை கடுமையாக இருந்தது. ஊர்க்கவுண்டர் வீட்டு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, மலைவாழைப்பழம் வைத்தார்கள். அம்சவேணி குழந்தைசாமியை முன்னால் தள்ளினாள்.

"எசமானுங்களே," என்றான் அவன்.

அவ்வளவுதான். தொப்பி அவனைப் பார்த்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பேசு, கண்ணு," என்றார் ஊர்க்கவுண்டர்.

"எசமானுங்களே..."

"நாந்தான் சொன்னேனுங்களே," என்று பொன்னம்மாள் தொப்பிக்காரரிடம் குனிந்தாள். "இவனுக்கு வாய் இல்லீங்க. சாமி வந்தாத்தான் பேசுவான். கொஞ்சம் பொறுத்துக்கங்க, வரவழைச்சிடறோம்."

தொப்பிக்காரர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் கருப்பண்ணன் உடுக்கையை எடுத்துவிட்டார். குழந்தைசாமியின் தலையில் குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் நடுங்கினான். வேப்பிலையால் அடித்தார்கள். தும்மினான். தொப்பிக்காரர் எழுந்தார். எசமான் கோபித்துக்கொண்டு போகிறார் என்று அருணாசலம் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். அவர் மறுபடியும் எழப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார்கள்.

குழந்தைசாமி தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, கூட்டத்தைப் பார்த்தான். அத்தனை கண்களும் சாமியைத் தேடின. அவனை ஒருவரும் தேடவில்லை. மாடுகள் பட்டினி கிடக்கப் போகின்றன, அதுவும் தன்னால், என்று நினைத்தபோது அழுகை வந்தது.

"விடுங்க," என்றான் மெதுவாக. "சாமியெல்லாம் வராது. எனக்கு வாய் இல்லை. வேற யாராச்சும் பேசுங்க."

உடுக்கை நின்றது. தொப்பிக்காரர் தன் தோளிலிருந்த கையை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"நான் சமையக்காரனுங்க, ஐயா குடுத்த பழைய கோட்டைப் போட்டிருக்கேன், ரேஞ்சர் ஐயா நேத்தே கால் கொப்புளத்தோட வந்து இந்தத் தம்பிகிட்டக் கேட்டுட்டுப் போயி மேக்குச் சரிவைத் தொறந்துவுடச் சொல்லிட்டாரு, நடக்க முடியாம அந்தச் சேதியச் சொல்ல என்னை அனுப்பினாரு, 'சாமிக்கு எங்கய்யா காட்டுத்தீ வெவரமெல்லாம் தெரியப்போகுது, பேசினது அந்தப் பையனேதான்'னு ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தப்பக்கூடச் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க."