மூன்றாம் பக்கத்து முதுகு

ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஜெலுத்தோங் ஊர்க்காரர் வில்லியம் வீட்டில் ஒரு தட்டைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர், மிச்சமிருக்கும் எட்டுப் பெட்டிப் பழைய பேப்பரையும் தாமே தனியாகப் புரட்டித் தருவதாகச் சொன்னதும், மனைவி டோரதி அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மாதா கோயில் விருந்து. பழைய உள்ளூர்த் தலைப்புச் செய்திகளை மேடையில் வாசித்து ஆட்களைச் சிரிக்க வைக்கும் பொறுப்பு டோரதிக்கு. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவர். பேப்பரைத் தூக்கிப் போட மனசே வராது. காலையில் முதல் பெட்டியைத் திறந்து இருவரும் சேர்ந்துதான் சிரித்தார்கள். ‘மாடு திருடியவர் மாட்டாலேயே மாட்டினார்.’ ‘சாக்கடையில் முதலை: சட்டியோடு திரண்ட மக்கள்.’ ‘மின்தடை: பேயோட்டும் சடங்கு ஒத்திவைப்பு.’ வில்லியத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். தண்ணீர் இருந்தது, சிரிப்பைக் காணோம்.

‘பள்ளிக்கூடம், 1991.’

அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். வீட்டில் ஓவர்டைம் என்றும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காய்ச்சல் என்றும் சொல்லிவிட்டு, வில்லியம் தண்ணீர்மலைப் பூங்கா ஓடையில் குளிக்கப் போனார். நழுவிவிடக் கூடாதே என்று கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் வைத்தார். அதே பையில் கச்சான் கடலையும் இருந்தது. குரங்குக்கு வேண்டியது கச்சான் மட்டும்தான். ஆனால் நிதானமாகப் பையைத் துழாவுகிற சுபாவம் அதற்கு இல்லை. காற்சட்டையோடு மரம் ஏறிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு திருடர்கள் பாராங் கத்தியைக் காட்டி மோதிரத்தைப் பறித்தார்கள் என்று வீட்டில் சொன்னார். காற்சட்டையையுமா என்று டோரதி கேட்டார். கல்நெஞ்சக்காரர்கள் என்றார் வில்லியம். டோரதி அன்றைக்கு மூன்று ஜெபமாலை சொன்னார்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்துவிட்டது. வீட்டுப் பேப்பரை டோரதி பார்க்கும் முன்பே எரித்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பேப்பர் போகும், அதையும் டோரதி சேர்த்து வைப்பார் என்பது, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து இன்றைக்குத்தான் அவர் மண்டையில் ஏறியது.

டோரதி பசாருக்குக் கிளம்பியதும் பெட்டியின் மேல் பாய்ந்தார். கை கறுத்தது, மூக்கு கறுத்தது. கடைசியில் அந்தத் தேதி அகப்பட்டது. மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். செய்தி இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. ஓட்டை வழியாக அவருடைய காலே தெரிந்தது.

எந்த மாணவனோ ஒட்டுப் புத்தகத்துக்கு வெட்டியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தப் பையனை மனசார வாழ்த்தினார். மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

சாயங்காலம் டோரதி தேத்தண்ணியோடு எதிரே வந்து உட்கார்ந்தார். ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். ‘குரங்கிடம் மோதிரத்தைப் பறிகொடுத்த புதுமாப்பிள்ளை புலம்பல்.’ கீழே படம். இரவல் துண்டைக் கட்டிக்கொண்ட ஒருவர் மரத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். முதுகு மட்டும் தெரிகிறது.

“பேருதான் போடலையே,” என்றார் வில்லியம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

“கல்யாணமாகி நாலு மாசமா அந்த முதுகுக்குத் தைலம் தேச்சிருந்தேன். பேரு வேற போடணுமா?”

“அப்பவே தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேக்கத்தான் நெனச்சேன். நீங்க ஒவ்வொரு வாட்டி சொல்றப்பவும் திருடனுங்க கூடிக்கிட்டே போனானுங்க. போன கிறிஸ்மஸ்ல ஏழு பேரு. எங்கதான் போய் நிக்குதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன் லா.”

வில்லியம் கடைசி கௌரவத்தைக் கையில் பிடித்தார். என்ன இருந்தாலும் மோதிரம் போனது நிஜம், அந்தத் துக்கம் மட்டும் பொய்யில்லை என்றார்.

மோதிரமும் போகவில்லை என்றார் டோரதி. செய்தி வந்த அன்றே பள்ளி விட்டதும் பூங்காவுக்குப் போனாராம். அங்கே வேலை பார்த்த இஸ்மாயில் என்ற பெரியவர் மரத்தடியில் காற்சட்டையைக் கண்டெடுத்து, மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருந்தாராம். அதை வாங்கி வந்து, கணவர் வாய் திறந்து உண்மையைச் சொல்லும் நாளில் கொடுக்கலாம் என்று மூன்று வருஷம் காத்திருந்தாராம். அப்புறம் அலுத்துப் போய், உருக்கித் தோடு செய்துகொண்டாராம்.

வில்லியம் மனைவியின் காதைப் பார்த்தார். தினமும் பார்க்கிற காது. தினமும் பார்க்கிற தோடு. மாமியார் வீட்டில் போட்டது என்று அவரே ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறார். உண்மையைச் சொல்லத் திறக்காத வாய், இப்போது மூட மாட்டேன் என்றது.

டோரதி காகிதத்தை அவர் கையில் வைத்தார். சனிக்கிழமை இதை அவர்தான் வாசிக்க வேண்டுமாம், பாதிரியாரிடமும் சொல்லியாகிவிட்டதாம். எழுந்து அடுப்படிக்குப் போனவர், வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“மேடையில திரும்பி நின்னு வாசிங்க. மூஞ்சியக் காட்டினா யாருக்கும் அடையாளம் தெரியாது.”